தண்ணீருக்கு அடியில் கல்யாண ஜோடி போட்டோ: கும்பகோணம் பக்கம் நீச்சல் குளத்தில் எடுக்க என்னென்ன பார்க்கணும்?

குடமுருட்டி கிளிக்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வைகாசியில் ஒரு கல்யாண ஆர்டர். பெண் வீடு பாபநாசம், மாப்பிள்ளை வீடு மன்னார்குடி. முகூர்த்தம் முடிந்து ஒரு வாரத்தில் அவுட்டோர். அதில் பத்துப் படமாவது தண்ணீருக்கு அடியில் வேண்டும் என்று இரண்டு பேரும் பிடிவாதமாக இருக்கிறார்கள். தரையில் எடுப்பது பழக்கம், தண்ணீருக்குள் கேமராவை இறக்குவது இதுதான் முதல் தடவை.

கும்பகோணம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் குளம் பேசியிருக்கிறேன். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஆழம் ஒரு முனையில் 1.2 மீட்டர், மறுமுனையில் 1.6 மீட்டர். காலை 6 முதல் 9 வரை நமக்கு மட்டும் என்கிறார்கள். கையில் இருப்பது சோனி ஏ7 III, 16-35, 24-70 லென்ஸ்கள், இரண்டு கோடாக்ஸ் ஃப்ளாஷ், அவற்றைத் தூரத்திலிருந்து அடிக்கவைக்கும் ரேடியோ ட்ரிகர். பெண்ணுக்கு நீச்சல் தெரியாது. மாப்பிள்ளை ஆற்றில் குளித்து வளர்ந்தவர். கூரைப்புடவையோடுதான் இறங்குவேன் என்கிறது பெண்.

கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் ஹவுசிங் வாடகைக்கு எடுப்பதா, பிளாஸ்டிக் பை மாதிரி வருவதே போதுமா? கோடாக்ஸை எப்படி வேலை வாங்குவது? குளத்துத் தண்ணீர் லேசாகக் கலங்கினாற்போல இருக்கிறது, பரவாயில்லையா? இதற்கு நடுவில் பெண்ணின் தாய்மாமன், "ஜூன் 12 மேட்டூர் திறக்கட்டும், காவிரியிலயே எடுத்துக்கலாம்" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

—

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மாமாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுங்கள் தம்பி: முடியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து நம் ஊருக்கு வர நாள் பிடிக்கும். வரும்போது வண்டலும் செத்தையுமாகத்தான் வரும். நீட்டிய கையின் விரல் தெரியாத தண்ணீரில் முகத்தை எங்கே எடுப்பது? மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது, இழுப்பு வேறு. கோயில் குளம் பாசி, அனுமதியும் கிடைக்காது. கோடியக்கரைப் பக்கம் கடல் சேறு கலந்தது. டெல்டாவில் இந்த வேலைக்கு நீச்சல் குளம் ஒன்றுதான் வழி.

அடுத்து நேரம். காலை 6 முதல் 9 என்பது தரைக்கு நல்ல நேரம், தண்ணீருக்கு ஆகாது. சூரியன் சாய்ந்திருக்கும்போது வெளிச்சத்தில் ஒரு நல்ல பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறித்துவிடும், உள்ளே மங்கலாகவே இருக்கும். வைகாசியில் நம் பக்கம் பகல் 12 மணி வாக்கில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். 10.30 முதல் 1.30 வரை கேட்டு வாங்குங்கள். அந்த நேரத்தில் ரிசார்ட்டில் கூட்டம் இருக்காது, அவர்களுக்கும் சம்மதமாகவே இருக்கும்.

உச்சி வெயிலில் ஒரு தொல்லை உண்டு. அலை லென்ஸ் மாதிரி வெளிச்சத்தைக் குவித்து முகத்தில் வெள்ளைக் கோடுகளை ஓடவிடும். புடவையில் அது அழகு, கன்னத்தில் வடுப் போலத் தெரியும். பந்தல்காரரிடம் வெள்ளைத் துணி வாங்கி, ஜோடி நிற்கும் இடத்துக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் நாலு மூங்கிலில் இழுத்துக் கட்டுங்கள். எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்தாலும் போதும். பாதிக் குளத்துக்கு மட்டும் நிழல் கட்டினால் வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி எடுக்கலாம்.

ஹவுசிங் வாடகைக்கே எடுங்கள். சென்னையில் கிடைக்கும். ஐகலைட், நாட்டிகாம், சீ ஃப்ராக்ஸ் எதுவானாலும் உங்கள் பாடிக்கும் லென்ஸுக்கும் பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள். முக்கியமான கேள்வி, முன்கண்ணாடி தட்டையா, குவிமாடமா? தட்டைக் கண்ணாடியில் 16 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 21 ஆகிவிடும், ஓரங்களில் நிறம் பிரிந்து இழுபடும். குவிமாடக் கண்ணாடி அகலத்தை அப்படியே தரும். ஆனால் தூரத்தில் இருப்பதெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் ஓரடி தொலைவில் இருப்பதாகவே லென்ஸுக்குத் தெரியும். அதனால் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிற லென்ஸ் வேண்டும். சோனி 16-35 ஆக இருந்தால் 28 செ.மீ. அல்லது அதற்கும் கிட்டே வரும், கவலையில்லை. 24-70ஐ வீட்டிலேயே வையுங்கள். குவிமாடத்தில் ஓரம் மழுங்கும், லென்ஸ் துளையை எஃப் 8ஐவிட அகலமாகத் திறக்காதீர்கள்.

தூரம்தான் எல்லாம். கேமராவுக்கும் முகத்துக்கும் நடுவே 1 முதல் 1.5 மீட்டர். அதைத் தாண்டினால் குளம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் படம் பால் ஊற்றியதுபோல வெளுக்கும், சிவப்பு செத்துவிடும். சிவப்பைத் தண்ணீர்தான் முதலில் விழுங்கும். ஆழம் மட்டும் கணக்கில்லை, மேற்பரப்பிலிருந்து ஆளுக்கும் ஆளிடமிருந்து கேமராவுக்கும் வெளிச்சம் கடந்த மொத்தத் தூரமும் சேரும். 16-20 மி.மீ.யில் ஒன்றரை மீட்டருக்குள் இரண்டு பேரும் முழு உயரத்தில் அடங்குவார்கள். ஜூம் பண்ணிக் கிட்டே கொண்டுவரலாம் என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள்.

தொடங்க ஒரு கணக்கு: 1/250, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400. ரா ஃபைல் (பிறகு நிறம் திருத்த வசதியான மூலக் கோப்பு) மட்டும். ஃபோகஸ் ஒற்றைப் புள்ளி, கண்ணில் அல்லது நெற்றிப்பொட்டில். முகம் தேடும் ஃபோகஸ் குமிழியைப் பிடித்துக்கொண்டு ஆடும். வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி கேமராவில் வைக்கிற நிற அளவு) ஒவ்வொரு ஆழத்திலும் தூரத்திலும் புதிதாக எடுக்க வேண்டும். பளபளப்பில்லாத வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைப் பெண் நிற்கும் இடத்தில் பிடித்து அதிலேயே எடுங்கள்.

கோடாக்ஸ் விஷயம். ரேடியோ அலை தண்ணீருக்குள் சில செ.மீ. போவதற்குள் அடங்கிவிடும், ஹவுசிங்குக்குள் ட்ரிகர் வைத்துப் பயனில்லை. ஹவுசிங்கோடு நீருக்கடி ஸ்ட்ரோப் (தண்ணீருக்குள் வேலை செய்கிற ஃப்ளாஷ்) ஒன்று வாடகைக்கு எடுத்து, அந்த ஹவுசிங்குக்குப் பொருந்தும் இணைப்புக் கம்பியில் இணையுங்கள். அந்த ஸ்ட்ரோபின் வெளிச்சத்தைப் பார்த்துக் கரையில் நிற்கும் கோடாக்ஸ் அடிக்கட்டும். ஸ்ட்ரோப் மேனுவலில் இருந்தால் கோடாக்ஸில் எஸ்1 என்ற அமைப்பு, முன்ஃப்ளாஷ் விட்டு வெளிச்சத்தைத் தானாக அளக்கிற டி.டி.எல். என்றால் எஸ்2. மாற்றி வைத்தால் முன்ஃப்ளாஷுக்கே அடித்துத் தீர்த்துவிடும், படத்தில் வெளிச்சமே இருக்காது. ஃப்ளாஷ் தலையை நேர் கீழாகக் கவிழ்த்து, சென்சார் பக்கம் தண்ணீரைப் பார்க்க வையுங்கள். வீட்டுச் சித்தப்பா யாராவது கரையில் நின்று ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் அதற்கும் கோடாக்ஸ் அடிக்கும், அவர் கேமராவை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

நீருக்கடி ஸ்ட்ரோபைக் கேமரா தலையில் பூட்டினால் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்ததுபோல வெள்ளைப் புள்ளியாக வரும். கைநீளத்துக்கு விலக்கி, விளிம்பு வெளிச்சம் மட்டும் ஆள்மேல் படும்படி வெளிப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், முதல் தடவை ஃப்ளாஷே வேண்டாம். உச்சி வெயில், மேலே வெள்ளைத் துணி, குளத்துத் தரையில் ஒரு வெள்ளை ஷீட். அதிலேயே பத்துப் படம் தாராளமாகக் கிடைக்கும்.

ஓ-ரிங்கை (ஹவுசிங் மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஏ.சி. அறையில் உட்கார்ந்து மாட்டுங்கள். கழற்றி, பஞ்சு நூல் விடாத துணியால் துடைத்து, அரிசி மணி அளவு சிலிகான் கிரீஸை விரலில் எடுத்து வளையம் முழுக்க மினுமினுப்பு வரும்வரை உருவிவிடுங்கள். வழிந்தால் அதுவே தூசியைப் பிடிக்கும். பிறகு பள்ளத்தில் விரல் நுனியை ஒரு சுற்று ஓட்டுங்கள், ஒற்றை முடி குறுக்கே கிடந்தாலும் அங்கேதான் தண்ணீர் நுழையும். கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பர் மட்டும் போட்டு மூடிப் பத்து நிமிஷம் தண்ணீரில் அமிழ்த்துங்கள். காகிதத்தில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் தெரிந்துவிடும். ஏ.சி.யில் மூடச் சொல்வதற்குக் காரணம், நம் ஊர்க் காற்றின் ஈரம். வெளியே மூடினால் அந்த ஈரம் உள்ளே மாட்டி, குளத்துக் குளிர்ச்சியில் கண்ணாடியில் முத்து முத்தாகப் பூக்கும். சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டும் உள்ளே போடுங்கள்.

—

பம்ப்ரூம் எழுதியது:

"லேசாகக் கலங்கினாற்போல" என்றால் கேமராவுக்கு அது சாம்பார். கரையிலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள் சார். கண்ணாடி போட்டு ஒரு முனையில் மூழ்கி, 12 மீட்டர் தள்ளி எதிர்ச்சுவரின் டைல் கோடு கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்தான் ஷூட்டிங்.

உங்கள் குளம் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அந்தக் கணக்கில் சொல்கிறேன். இதில் குளோரின் 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏற 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் சுமார் 155 கிராம் வேண்டும். பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறக்குறைய 300 கிராம், அதில் அடிக்கசடு நிறைய, இந்த வேலைக்குத் தவிருங்கள்.

மூன்று நாள் முன்பு, வெயில் இறங்கியதும் ஷாக், அதாவது ஒரே தடவையில் கூடுதல் குளோரின், கொடுக்கச் சொல்லுங்கள்: 10 பி.பி.எம்., அதாவது ஒன்றரைக் கிலோ. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர், ஒருபோதும் மாற்றிச் செய்யக்கூடாது. ராத்திரி முழுக்க ஃபில்டர் ஓடட்டும். குளத்தில் கண் எரிவதற்கு எல்லாரும் குளோரின் கூடிப்போச்சு என்பார்கள். பெரும்பாலும் காரணம் வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து நிற்கும் குளோரமைன். ஷாக் அதைத்தான் எரிக்கிறது. பெண் கண்ணைத் திறந்து வைக்க வேண்டிய வேலையில் இதை விட்டுவிட முடியாது.

இரண்டு நாள் முன்பு சாயங்காலம் படிகாரம், 3 முதல் 5 கிலோ வரை, கலங்கலைப் பொறுத்து. கரைத்துக் குளம் முழுக்கத் தெளித்து, வால்வை ரீசர்க்குலேட்டில் (ஃபில்டர் வழியாகப் போகாமல் தண்ணீர் சுற்றும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் சுற்றவிட்டு பம்பை நிறுத்திவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் யாரும் காலை நனைக்கக்கூடாது. காலையில் அடியில் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும். அதை வேக்குவம் போட்டு நேராக வெளியே தள்ள வேண்டும், ஃபில்டர் வழியாக அல்ல. ஃபில்டருக்குள் விட்டால் மணல் கட்டிபிடிக்கும், பாதி திரும்பிக் குளத்துக்கே வரும். வேக்குவம் தலையை மெதுவாக நகர்த்த வேண்டும், அவசரப்பட்டு இழுத்தால் கிளம்பி மறுபடி கலங்கும். இங்கேதான் பையன்கள் கெடுப்பார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

படிகாரம் பி.எச்.சை (தண்ணீரின் அமில-கார அளவு) இறக்கும். சோடா ஆஷ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி 7.2 முதல் 7.6க்குள் கொண்டுவரவும். வேக்குவத்தில் குறைந்த தண்ணீரைப் போர் தண்ணீரால் நிரப்பும்போது இன்னொரு ஆபத்து. நம் பக்கம் பல போர்களில் இரும்பு இருக்கும். வரும்போது கண்ணாடி போல வரும், குளோரின் பட்டதும் துருநிறம் ஏறும். அதனால் முந்தின நாள் காலையிலேயே நிரப்பி, நாள் முழுக்க ஃபில்டர் ஓட்டி, ஒரு பேக்வாஷ் (ஃபில்டருக்குள் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுவது) அடித்துவிட வேண்டும். ஷூட்டிங் அன்று காலை ஒரு குடம் புதுத் தண்ணீர்கூட விடாதீர்கள்.

அன்றைக்கு குளோரின் 1 பி.பி.எம். ஒட்டி இருந்தால் போதும். இறங்குவதற்கு ஒரு மணி முன்பு பம்பை நிறுத்துங்கள். ஜெட் வழியாக வரும் நுண்குமிழி கேமராவில் தூசியாகவே விழும். மேற்பரப்பு அசையாமல் நின்றால் இன்னொரு லாபம், அடியிலிருந்து சாய்வாக மேலே பார்த்து எடுத்தால் ஜோடியின் பிம்பம் தலைகீழாக மேலே தெரியும். ஒவ்வொரு தடவையும் ஆள் இறங்கி இரண்டு மூன்று நிமிஷம் அலை அடங்கக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பின்புலத்துக்கு நீல டைலை அப்படியே விட்டால் தோல் பச்சையடிக்கும். கறுப்பு பாலியெஸ்டர் துணியை இரண்டு தடவை அலசி, சாயமும் நூலும் போன பிறகு, ஜோடிக்கு 3 மீட்டர் பின்னால் தொங்கவிடலாம். அடியில் இழுத்துப் பிடிக்க இரும்புக் கம்பி வேண்டாம், துரு இறங்கும். பிவிசி பைப்பில் மணல் நிரப்பி இரண்டு பக்கமும் மூடி போட்டு ஒட்டிவிடுங்கள்.

—

மல்லிச்சரம் மேக்கப் எழுதியது:

கூரைப்புடவையை இறக்காதீங்க அண்ணா. பட்டு புரத நூல், குளோரின் அதை அரிக்கும். ஒரு தடவையில் கிழியாது, ஆனால் பளபளப்பு போய் மஞ்சள் பூத்துவிடும். ஜரிகையில் வெள்ளி இருந்தால் கறுக்கும். அரக்குச் சாயம் இறங்கி மாப்பிள்ளை வேட்டியில் ஏறும். திருபுவனம் பட்டைத் தலைமுறைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே நிறத்தில் ஜார்ஜெட்டோ ஷிஃபானோ எடுத்து, ஜரிகை மாதிரி பிரின்ட் பார்டர் ஒட்டினால் படத்தில் வித்தியாசம் தெரியாது, பட்டைவிட நன்றாக விரியவும் செய்யும். மஞ்சள், கடுகு நிறம், இளஞ்சிவப்பு எல்லாம் தண்ணீரில் எடுப்பாகத் தெரியும். நீலம் குளத்தோடு கரைந்துவிடும்.

புடவையைக் கட்டிவிடாதீர்கள். கொசுவம் தைத்து, இடுப்பில் வெல்க்ரோ வைத்து, ஒரே இழுப்பில் மொத்தமும் கழலும்படி தைக்கச் சொல்லுங்கள். உள்ளே நாடா வைத்த பாவாடை கூடவே கூடாது, நனைந்த நாடா முடிச்சு இறுகினால் கத்தரிக்கோல்தான் வரவேண்டும். புடவை நிறத்தில் எலாஸ்டிக் லெக்கிங்ஸ் போதும். தோளில் ஒரே ஒரு பின். முந்தானையை இரண்டரை மீட்டர் விடுங்கள், அதைப் பின்னால் இருந்து ஒருவர் வீசிவிட்டு விலகினால் மூன்று விநாடி தோகை மாதிரி நிற்கும். கழுத்தைச் சுற்றி மட்டும் வராமல் பார்க்க வேண்டும்.

இறங்கும் முன் புடவையைத் தனியாகக் குளத்தில் முக்கிப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் புடவை பலூன் மாதிரி முகத்துக்கு ஏறும். பார்டர் கீழே நிற்க, நாகைப் பக்கம் வலைக்குக் கட்டுகிற சின்ன ஈயக்குண்டுகளைச் சாணுக்கு ஒன்றாக மடிப்புக்குள் தைக்கலாம். மொத்தம் 150 கிராம் தாண்ட வேண்டாம்.

மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். தோல் நிறத்தில் முழங்கால் வரை ஷார்ட்ஸ். வெள்ளை வேட்டி ஃப்ளாஷ் வெளிச்சத்தில் மடிப்பே தெரியாமல் வெளுத்துவிடும், சந்தன நிற வேட்டி பாதுகாப்பு.

தலையில் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு இருக்கக்கூடாது. எண்ணெய் மேலே படலமாக மிதக்கும், கேமராக் கண்ணாடி மேலே வரும்போதெல்லாம் அதில் ஒட்டும். ரெண்டு தடவை ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு இறங்கணும், மஞ்சள் பூசிக் குளிக்கக்கூடாது. புதுத்தாலியின் மஞ்சள் கயிறும் சாயம் விடும், குளோரினில் வெளுத்தும் போகும். கயிறோடு இறங்குவதா வேண்டாமா என்பதை பெண் வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள், குளக்கரையில் அந்தப் பேச்சு வேண்டாம். மருதாணி குளோரினில் மங்கும், ஒரு வாரம் கழித்து எடுப்பதால் பரவாயில்லை.

நிஜ மல்லிகை, ரோஜா மாலை ரெண்டும் வேண்டாம். இதழ் உதிர்ந்து மிதக்கும், மேற்பரப்புக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரை அடைக்கும். துணிப்பூச் சரத்தைத் தூண்டில் நரம்பில் கோத்து ஜடையோடு சேர்த்துத் தையுங்கள். தலைமுடியை விரித்துவிட்டால் முகத்தை மூடும், பின்னலே நல்லது. நகை கவரிங்தான். சிதம்பரம் கவரிங்கில் கனமில்லாத அட்டிகை ஒன்று, ஜிமிக்கி ஒன்று. தொங்கும் ஆரம் மிதந்து வாயில் வந்து நிற்கும். தண்ணீரின் குளிரில் விரல் சுருங்கும், மோதிரத்தைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஃபவுண்டேஷன் சிலிகான் அடிப்படையில், ரெண்டு மெல்லிய பூச்சு, நடுவில் செட்டிங் ஸ்பிரே. தண்ணீர் நிறத்தை உறிஞ்சுவதால் உதடும் கன்னமும் மேடையில் போடுவதைவிட ஒரு படி தூக்கலாக இருக்கணும். ஸ்டிக்கர் பொட்டு போய்விடும், வாட்டர்ப்ரூஃப் லிப் பென்சிலில் வரையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றியே ஆகணும், தொற்று வந்தால் கண்ணுக்கே ஆபத்து. ஏறியதும் கழுவ மெடிக்கலில் சலைன் சொட்டு வாங்கி வையுங்கள்.

—

குடமுருட்டி கிளிக்ஸ் எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேரத்தை 10.30க்கு மாற்றிப் பேசிவிட்டேன். மாமா இப்போது அடுத்ததுக்கு வந்துவிட்டார்: அவர் வயலில் பம்புசெட் தொட்டி இருக்கிறது, 10க்கு 8 அடி, 4 அடி ஆழம். அங்கே பாதி தண்ணீர், பாதி வெளியே தெரிகிற மாதிரி எடுக்கலாம் என்கிறார். அது சரிவருமா? அதற்காவது பை ஹவுசிங் போதுமா?

—

பம்ப்ரூம் எழுதியது:

மாமா இந்தத் தடவை நல்ல யோசனைதான் சொல்கிறார். அந்தத் தொட்டி சுமார் 9,000 லிட்டர். முந்தின நாள் முழுக்க வடித்து, பாசியைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, அன்று காலை புதிதாக நிரப்புங்கள். ஃபில்டர் பாயின்ட் போர் தண்ணீர் புதிதாக வரும்போது நீச்சல் குளத்தைவிடத் தெளிவாக இருக்கும், குளோரினும் இல்லை. நிரப்பியதும் பால் மாதிரி தெரிவது காற்றுக்குமிழி, ஒரு மணி நேரத்தில் தெளியும். இரும்பு இருக்கிற போர் என்றால் அதற்கப்புறம் சில மணி நேரத்தில் பழுப்பேறத் தொடங்கும். முந்தின நாளே ஒரு வாளியில் பிடித்து வைத்து எப்போது நிறம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டால், எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஆள் தண்ணீருக்குள் இருக்கும்போது மோட்டார் ஓடக்கூடாது. குழாயிலிருந்து கொட்டுகிற மாதிரி படம் வேண்டும் என்று கேட்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். வயல் மோட்டார் கொட்டகையில் எர்த் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்டார்ட்டரை ஆஃப் செய்து, மெயின் ஃபியூஸையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் பல இடங்களில் உண்டு, அதனால்தான் ஃபியூஸ் என்கிறேன். ரிசார்ட்டிலும் கரையில் கரன்ட் ஒயர் இழுத்து லைட் வைக்காதீர்கள், எல்லாம் பேட்டரி.

—

வெண்ணாற்றங்கரை எழுதியது:

பாதிப் பாதி படத்துக்குப் பை ஆகாது தம்பி. பையின் கண்ணாடி சின்னது, லென்ஸில் வழியும் நீர்க்கோடு படத்தில் தடிமனாக, கலங்கலாகத் தெரியும். 8 அங்குலக் குவிமாடம் இருந்தால்தான் அந்தக் கோடு மெல்லிசாகும். கண்ணாடியின் மேல்பாதியில் சொட்டு நிற்காமல் இருக்க, முழுக்க முக்கி எடுத்து, நீர் வழிந்து முடிப்பதற்குள் அடித்துவிட வேண்டும். ஃபோகஸ் தண்ணீருக்குள் இருக்கும் பாகத்தில், எஃப் 11 அல்லது 16. கீழ்ப்பாதி எப்போதும் இருட்டும். தொட்டியின் உட்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டிருந்தால் பாதிக் குறை தீரும், வெள்ளை ஷீட் விரித்தாலும் சரி. பின்னால் நாற்றங்காலும் தென்னையும் வந்தால் குளத்தில் எடுத்ததைவிட இதுதான் ஆல்பத்தில் முதல் பக்கத்துக்குப் போகும்.

—

கரையேற்றம் எழுதியது:

நீச்சல் பயிற்சி தருகிற வேலை என்பதால் ஆள் பக்கம் மட்டும் சொல்கிறேன். மேலே சொன்னது எதுவும் இது சரியில்லாமல் உதவாது.

நீச்சல் தெரியாத பெண்ணுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரமாவது பயிற்சி. டெஸ்ட் கிட்டில் குளோரின் 3க்குக் கீழே வந்திருந்தால் இதே குளத்திலேயே செய்யலாம். படியில் உட்கார்ந்து முகத்தை நனைப்பது, உள்ளே கண் திறப்பது, மூக்கால் குமிழி விடுவது, பயிற்சியாளரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஐந்து விநாடி. இந்த வரிசையில் எங்கே தயங்குகிறாரோ அங்கே நிறுத்துங்கள். பயம் தெளியவில்லை என்றால் முழுக்க மூழ்கும் படம் வேண்டாம், பாதிப் பாதி படமும், கைகோத்த கைகளும், மிதக்கும் முந்தானையும் போதும். வற்புறுத்துவது மாப்பிள்ளையாக இருந்தாலும் கேட்காதீர்கள்.

மூச்சு நிறைய இழுத்தால் மிதப்பார், கன்னமும் உப்பும். சாதாரணமாக ஒரு மூச்சு, அதில் பாதியை வெளியே விட்டுவிட்டு மெல்ல முழங்காலை மடக்கினால் தானாக இறங்குவார். மூன்று முதல் ஐந்து விநாடி, உடனே மேலே. அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிஷமாவது ஓய்வு. இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடவே கூடாது, மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான். மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்புவது கரியமில வாயு. அதை முன்பே ஊதி வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கையே வராமல் மயக்கம் வரும், இடுப்பளவுத் தண்ணீரிலும் வரும். ஆற்றில் பழகியவர்கள்தான் "இன்னும் கொஞ்சம் தாங்குவேன்" என்று இதில் மாட்டுவார்கள்.

முகத்தை மேலே அண்ணாந்தால் மூக்கில் தண்ணீர் நேராக ஏறும். அந்தப் போஸ் வேண்டுமென்றால் மூக்கால் மெல்லக் காற்று விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதைப் பயிற்சியில் பழகாமல் அன்று முயலக்கூடாது. சளி பிடித்திருந்தால் தள்ளிப் போடுங்கள்.

ஈயக்குண்டு விஷயத்தில், கழலும் புடவையின் பார்டரில் 150 கிராம் என்பதற்கு ஆட்சேபணை இல்லை. இடுப்பில், காலில், உடம்போடு எந்தக் கனமும் கட்டாதீர்கள். போட்டோகிராபருக்கு வேண்டுமானால் 2 கிலோ பெல்ட், ஒரு கையால் தட்டினால் கழல்கிற கொக்கியோடு.

பெண்ணுக்கு ஒரு ஆள், மாப்பிள்ளைக்கு ஒரு ஆள், ஃபிரேமுக்கு வெளியே கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். அவர்களுக்கு முந்தானை வீசும் வேலை, ரிஃப்ளெக்டர் பிடிக்கும் வேலை எதுவும் கொடுக்காதீர்கள். புதுச்சேரி ஸ்கூபா மையங்களில் பயிற்சி பெற்றவர்கள் கிடைப்பார்கள். வெல்க்ரோவை இழுத்துக் கழற்றுவதை அவர்கள் கையாலேயே இரண்டு தடவை செய்து பார்க்கட்டும். தண்ணீருக்குள் ஜோடிக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், உங்கள் சைகை புரியாது. எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தண்ணீருக்குள் தட்டுங்கள்: ஒரு தட்டு கண் திற, இரண்டு தட்டு மேலே வா. பார்வைக்கு இலக்காக ஹவுசிங்கில் சின்ன டார்ச் ஒன்று எரியட்டும்.

மொத்தம் 40 நிமிஷத்துக்கு மேல் தண்ணீரில் வைக்காதீர்கள். வைகாசி வெயிலானாலும் உடம்புச் சூடு இறங்கும். உதடு நீலிக்கும், தாடை நடுங்கும், அதற்கப்புறம் எடுக்கிற முகம் எதுவும் உதவாது. நடுவில் ஏற்றித் துண்டு போர்த்தி, சுடச்சுட ஏதாவது குடிக்கக் கொடுங்கள். இறங்குவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் விருந்துச் சாப்பாடு கூடாது.

யாராவது தண்ணீர் குடித்து மூச்சில்லாமல் போனால், தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் செய்ய விடாதீர்கள், அதில்தான் நேரம் போகும். சமதரையில் மல்லாக்கக் கிடத்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108க்குப் பேச வேண்டும். இரண்டு வாய் குடித்து இருமிவிட்டு எழுந்து உட்கார்ந்தாலும் அன்றைக்கு அவரை மறுபடி இறக்காதீர்கள். இருமல் நிற்கவில்லை, மூச்சு இளைக்கிறது என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான்.